முத்தாயியின் மூக்கு

லிஃப்ட் கதவு திறந்ததும் முத்தாயி முதலில் மூக்கைத்தான் உள்ளே அனுப்புவார். கால் அதற்கப்புறம். சிங்கப்பூர் உட்லண்ட்ஸில் ஓர் அடுக்குமாடி புளோக்கின் பதினான்காம் மாடியிலிருந்து தரைக்கு வந்து சேர்வதற்குள், அந்தப் பெட்டிக்குள் யார் யார் வந்து போனார்கள் என்ற கதை முழுவதும் அவருக்குத் தெரிந்துவிடும்.

"பதினொண்ணாம் மாடி மலாய் மக்சிக்கம்மா ரெண்டாங் கறியை அடுப்புல ஏத்திட்டாங்க, இந்நேரத்துக்கே! யாரோ புது ஷூ போட்டுட்டு இறங்கியிருக்காங்க. அந்த நாய்க்குட்டியை நேத்தும் குளிப்பாட்டலை."

பக்கத்தில் நிற்கும் கணவர் சின்னராசு போனிலிருந்து கண்ணை எடுக்காமல் தலையாட்டுவார். இருபத்தாறு வருஷக் குடித்தனம். எதற்குத் தலையாட்ட வேண்டும், எதற்கு வாயைத் திறக்க வேண்டும் என்பது அந்த மனிதருக்கு அத்துப்படி.

குடையை விரிக்கும் முன் முகர்வார். துவைத்து மடித்த சட்டையை முகர்வார். பால் பாக்கெட்டில் தேதி அச்சடித்திருக்கிறதே என்றால், "அது அவங்க தேதி. நான் என் மூக்கைத்தான் நம்புவேன்" என்பார். ஒரு நாள் எம்ஆர்டி ரயிலில் முன்னால் நின்ற பெண்ணின் தோளைத் தட்டி, "உங்க பையில டிபன் மூடி கழண்டிருக்கு, சாம்பார் வெளிய வருது" என்றார். அந்தப் பெண் பதறிப்போய்ப் பையைத் திறந்து பார்த்தால் லேப்டாப்புக்கு ஒரு விரற்கடை தூரத்தில் சாம்பார் வந்து நிற்கிறது. நன்றி சொல்லத் திரும்பியவளிடம், "எனக்கு எதுக்கு தேங்க்ஸு, இதுக்குச் சொல்லுங்க" என்று மூக்கைத் தொட்டுக் காட்டிவிட்டு இறங்கிப் போய்விட்டார்.

காத்தோங்கில், ஈஸ்ட் கோஸ்ட் சாலையில் இருக்கும் ஒரு வைன் கடையில் அவருக்கு வேலை. வயது நாற்பத்தொன்பது. கடையில் மொத்தம் ஒன்பது பேர். புடவை கட்டி வர விருப்பப்பட்டு, முதலாளி அதற்குச் சம்மதிக்காததால் கறுப்புச் சட்டைக்கு மேலே மூக்குத்தியும் கால்களில் மெட்டியுமாக நிற்பவர் இவர் ஒருவர்தான். சின்னராசு கப்பல் பட்டறை வேலைக்கு வந்து இங்கேயே பெண்ணெடுத்தவர். அவருடைய சொந்தபந்தமெல்லாம் புதுக்கோட்டைப் பக்கம். அங்கே ஊர் முழுக்க "எங்க அண்ணி ஒயின்ஷாப்புல வேலை பாக்குது" என்று நாத்தனார் சொல்லி வைத்திருக்கிறார். கம்பிக் கூண்டு, அதற்குள் நீளும் கைகள், வாசலில் விழுந்து கிடக்கும் ஆட்கள் என்று அவர் என்னென்னவோ கற்பனை செய்துகொண்டு அழாத குறை. ஒரு நாள் வீடியோ காலில் முத்தாயி கடையைச் சுற்றிக் காட்டினார். மர அலமாரி, மஞ்சள் விளக்கு, குளிர்பெட்டிக்குள் பிள்ளைகள் மாதிரி வரிசையாகப் படுத்துக் கிடக்கும் போத்தல்கள். நாத்தனார் நெடுநேரம் பார்த்துவிட்டு, "என்ன அண்ணி, நகைக்கடை மாதிரில்ல இருக்கு!" என்றார். அதோடு அந்தக் கவலை தீர்ந்தது.

இதில் வேடிக்கை என்னவென்றால் முத்தாயி குடிப்பதில்லை. கொள்கை, கோபம், பழைய சோகம் என்று ஒரு காரணமும் இல்லை. "ஒரு வாய் உள்ள போனா எனக்குத் தூக்கம் வந்துடும்லா. அப்புறம் யாரு விக்கிறது?" வைன் பாடத்தில் இதற்கு ஒரு வசதி உண்டு. வாயில் கொஞ்சம் ஊற்றி, கன்னத்துக்குக் கன்னம் சுழற்றி, ருசியைக் குறித்துக்கொண்டு, பக்கத்தில் இருக்கும் ஜாடியில் துப்பிவிட வேண்டும். படித்தவர்கள் எல்லாம் அப்படித்தான் செய்வார்கள், அதுதான் மரியாதை. முத்தாயி துப்பினால் நூல் பிடித்த மாதிரி ஒரே கோடாகப் போய் ஜாடிக்குள் விழும், வெளியே ஒரு சொட்டு சிந்தாது. வகுப்பில் முதல் தடவை அதைப் பார்த்தபோது மற்ற எட்டுப் பேரும் கைதட்டிவிட்டார்கள்.

இந்த வகுப்பில் போய் உட்கார அவர் பதினோரு வருஷம் காத்திருந்தார். அந்தப் பதினோரு வருஷமும் பூன் லேயில், அதே முதலாளியின் கிடங்கில் ஓடியது. கப்பலில் வந்து இறங்கும் ஒவ்வொரு போத்தலின் முதுகிலும் இறக்குமதி லேபிள் ஒட்டுவது அவர் வேலை. காலையிலிருந்து சாயங்காலம் வரை ஒட்டு, அடுக்கு, ஒட்டு, அடுக்கு. கை சலிக்கவில்லை. வாய்தான் சலித்துப்போனது. "பேசி என்ன? போத்தல் பதில் பேசாதுலா!" எப்போதாவது ஒரு போத்தல் உடைந்தால் எல்லோரும் துடைப்பத்தைத் தேடி ஓடுவார்கள், முத்தாயி மட்டும் குனிந்து நின்று முகர்ந்துகொண்டிருப்பார். ஒன்றில் மிளகு வந்தது. ஒன்றில் லைச்சி வந்தது. திராட்சையைப் பிழிந்து வைத்த தண்ணீரில் மிளகு எப்படி வரும்? கேட்பதற்கு அங்கே ஆள் இல்லை. கடைசியில் முதலாளி இயோவிடமே போய்க் கேட்டார், தன்னைக் கடைக்கு மாற்றிவிடும்படி.

இயோ கெட்ட மனிதர் இல்லை. சட்டம் போட்டால் சட்டம், அவ்வளவுதான். "கடையில நிக்கணும்னா வைன் பாடம் படிச்சுப் பாஸ் பண்ணணும். யாரா இருந்தாலும். அடுத்த வகுப்புல சேர்த்துக்கிறேன். ஃபெயிலானா திரும்பப் பூன் லேதான், சரியா?" என்றார். முத்தாயி சரி என்றார். வீட்டுக்கு வந்து பாயசம் வைத்தார்.

அந்தப் பாயசம் வைத்த மூன்றாம் வாரம் கோவிட் வந்தது. காய்ச்சல் நான்கு நாளில் போய்விட்டது. ஐந்தாம் நாள் காலை அடுப்பில் பால் பொங்கி வழிந்து, கருகி, வீடெல்லாம் புகை. சின்னராசு இருமிக்கொண்டே ஓடிவந்து அடுப்பை அணைத்தார். முத்தாயி அடுப்புக்கு இரண்டடி தள்ளி, முதுகைக் காட்டியபடி வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தார். "என்ன ஆச்சு?" என்று திரும்பிக் கேட்டார். பிறகு கையிலிருந்த வெங்காயத்தை மூக்கில் வைத்து அழுத்தினார். கண்ணில் தண்ணீர் வந்தது. வாசனை வரவில்லை.

ஏழு மாதம் அப்படியே இருந்தது. சோறு பஞ்சாகிவிட்டது. குழம்பு என்றால் சூடு, உப்பு, அவ்வளவுதான். கணவரின் சட்டைக்கும் கடைச் சட்டைக்கும் வித்தியாசம் தெரியவில்லை. அந்த மாதங்களைப் பற்றிப் பேசும்போது மட்டும் முத்தாயியின் குரல் இறங்கிவிடும். "வீட்டுக்குள்ளதான் இருந்தேன். ஆனா கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நிக்கிற மாதிரி இருந்துச்சு" என்பார். வைன் பாடத்துக்கு இயோ கூப்பிட்டபோது, உடம்பு சரியில்லை, அடுத்த தடவை வருகிறேன் என்று சொல்லிவிட்டார். மூக்கு போன கதையைச் சொல்லவில்லை. சொன்னால் அடுத்த தடவை என்பதே இல்லாமல் போய்விடுமே.

பாலிகிளினிக் டாக்டர் மருந்து எதுவும் எழுதித் தரவில்லை. நான்கு வாசனைகளை எடுத்துக்கொள்ளுங்கள், தினம் இரண்டு வேளை, ஒவ்வொன்றையும் இருபது விநாடி முகருங்கள், முகரும்போது அது என்ன வாசனை என்று மனதில் நினையுங்கள், மூக்குக்கு மறுபடி பழக்கம் வரலாம் என்றார். வரலாம் என்றாரே தவிர வரும் என்று சொல்லவில்லை. முத்தாயி நேராகப் பஃபலோ சாலைக்குப் போனார். அங்கே சேக் தாவூதின் மசாலாக் கடை. இருபது வருஷமாக மிளகாயும் மல்லியும் வாங்கிய பழக்கம்.

விஷயத்தைக் கேட்டதும் தாவூது பாய் கல்லாவை விட்டு எழுந்தார். நாலு சின்னத் தகர டப்பாக்கள் எடுத்தார். ஒன்றில் கிராம்பு, ஒன்றில் எலுமிச்சைத் தோல், ஒன்றில் பன்னீர் ரோஜா இதழ், ஒன்றில் பஞ்சில் நனைத்த தைலம். "வாசம் பறந்துடும் தங்கச்சி. ரெண்டு வாரத்துக்கு ஒருக்கா வா, மாத்தித் தர்றேன்" என்றார். ஏழு மாதமும் மாற்றிக் கொடுத்தார். போகும்போதெல்லாம் ஒரு ஏலக்காயை நசுக்கி மூக்கருகே நீட்டி, "வருதா?" என்பார். "இல்ல பாய்." "சரி, டீ குடி" என்பார். கூட்டம் முட்டிமோதும் தீபாவளி வாரத்திலும் அந்த ஏலக்காய் தவறியதில்லை.

இன்னொரு பக்கம் முருகனிடமும் சொல்லி வைத்தார். மூக்கு திரும்பி வந்தால் வருஷா வருஷம் தைப்பூசத்துக்குப் பால்குடம். நாற்பத்தெட்டு நாள் முழு விரதம்.

வந்தது. டிசம்பர் மாத அடைமழை. பூன் லே கிடங்கின் கூரையில் ஒரு மூலை ஒழுகி, அட்டைப்பெட்டிகள் நனைந்து ஊறிக் கிடந்தன. முத்தாயி ஈரப் பெட்டி ஒன்றைத் தூக்கி மார்போடு அணைத்துக்கொண்டு நடக்கிறார், திடீரென்று மூக்கில் ஏதோ குத்தியது. புழுங்கிப்போன, பூசணம் பிடித்த, நனைந்த அட்டையின் நாற்றம். வேறு யாராவது என்றால் முகத்தைச் சுளித்துக்கொண்டு பெட்டியைக் கீழே போட்டிருப்பார்கள். முத்தாயி அப்படியே தரையில் உட்கார்ந்து, பெட்டிக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டு ஓவென்று அழுதார். ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுபவர், இவர் காலில் ஏதோ விழுந்துவிட்டது என்று நினைத்து முதலுதவிப் பெட்டியோடு ஓடிவந்தார். "ஒண்ணும் இல்ல, ஒண்ணும் இல்ல, நாறுது!" என்று அழுதுகொண்டே சிரித்தாராம். அந்த ஆள் இன்றைக்கும் இவரைப் பார்த்தால் நாலடி தள்ளித்தான் நடக்கிறார்.

மறு வருஷம் நடுவில் வந்த வகுப்பில் முத்தாயி முதல் ஆளாகப் பெயர் கொடுத்தார். படிக்கிற மாதங்களில் கடையிலேயே நின்று பழகட்டும் என்று இயோ அவரைக் காத்தோங்குக்கு வரச் சொன்னார். கடையின் மாடியறையில் செவ்வாய், வெள்ளி காலைகளில் பாடம். ஆசிரியை எலைன் கோ, அறுபதை நெருங்குகிறவர், குட்டைக் கிராப்பு, கழுத்தில் கயிறு கட்டிய கண்ணாடி. முதல் வகுப்பு ஒரு வெள்ளிக்கிழமை. முத்தாயி குளித்து, கும்பிட்டு, தலையில் நான்கு முழம் மல்லிகையோடு வந்து உட்கார்ந்தார். நல்ல காரியம் தொடங்குகிறோமே!

எலைன் முதல் வெள்ளை வைனை ஊற்றி, "என்ன வாசனை?" என்றார். எல்லோரும் மல்லிகை என்றார்கள். "நல்லது, சில வெள்ளை வைனில் பூ வாசனை வரும்" என்றார் எலைன். இரண்டாவதிலும் மல்லிகை. மூன்றாவதாகக் கன்னங்கரேலென்று ஒரு சிவப்பு வைன். அதிலும் மல்லிகை என்றார்கள் பிள்ளைகள். எலைன் குழம்பிப்போய்த் தானே முகர்ந்து பார்த்தார். அவருக்கும் மல்லிகைதான். முப்பது வருஷ அனுபவம் ஒரு நிமிஷம் ஆட்டங்கண்டுவிட்டது. பிறகு கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மெல்ல அறையைச் சுற்றி வந்தார். முத்தாயியின் பின்னால் வந்ததும் நின்றார்.

திட்டவில்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். வைன் முகரும் அறையில் பூ, சென்ட், தைலம் எதுவும் கூடாது என்ற விதியை முதல் வகுப்பிலேயே சொல்லியிருக்க வேண்டும், தப்பு என்னுடையது என்றார். முத்தாயிக்கு மானம் போன மாதிரி இருந்தது. பூவைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு எங்கே போடுவது என்று முழித்தார். குப்பையில் போட மனசு வருமா? எலைன் அதை வாங்கிக்கொண்டு போய் வைன் குளிர்பெட்டியின் கீழ்த்தட்டில், ஒரு டப்பாவில் மூடி வைத்தார். சாயங்காலம் எடுத்துப் பார்த்தால் அப்போது பறித்த மாதிரி இருந்தது. அன்றிலிருந்து வெள்ளிக்கிழமைதோறும் அந்தத் தட்டு முத்தாயியின் பூவுக்குத்தான். வேலை முடிந்து கிளம்பும்போது எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டு, ரயிலேறுவார்.

அடுத்த சங்கடம் புத்தகம். வைனில் வரும் வாசனைகளின் பட்டியல் அதில் இருந்தது. நெல்லிக்காய் என்று போட்டிருந்தார்கள். அது நம் நெல்லிக்காய் இல்லை. பிளாக்கரண்ட் பழத்தை முத்தாயி கண்ணால் கண்டதில்லை. நான்கு நாள் அந்தப் பட்டியலோடு மல்லுக்கட்டிவிட்டு, ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கி, தன் பட்டியலைத் தானே எழுதத் தொடங்கினார். பிளாக்கரண்ட் என்ற இடத்தில் 'ரிபினா' என்று எழுதினார். சின்ன வயதில் காய்ச்சலுக்குக் குடித்த, அந்தப் பழத்தின் சாறு. வெட்டிய புல் என்ற இடத்தில் 'டவுன் கவுன்சில் ஆள் மிஷின் ஓட்டும் காலை'. ஷிராஸ் என்ற சிவப்பு வைனுக்கு 'ரசம் இறக்கும்போது'. ரீஸ்லிங் என்ற வெள்ளை வைன் பழசானால் பெட்ரோல் வாசனை வரும் என்று எலைன் சொன்னபோது வகுப்பே நம்பவில்லை. முத்தாயி முகர்ந்து பார்த்துவிட்டு, 'மலேசிய எல்லைச் செக்பாயிண்ட், ஆறு மணி, ஜொகூர் மோட்டார்சைக்கிள் வரிசை' என்று எழுதினார். எலைன் அந்த நோட்டை இரவல் வாங்கிப் போய் ஒரு வாரம் வைத்துக்கொண்டார்.

எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது, பரீட்சைத் தேதி தெரிகிற வரை. சீனப் புத்தாண்டு வியாபாரத்துக்கு முன்னால் ஆட்கள் தயாராக வேண்டும் என்று இயோ ஜனவரி நடுவில் ஒரு செவ்வாய்க்கிழமையைக் குறித்தார். தைப்பூசத்துக்கு அப்போது ஒன்பது நாள் பாக்கி. முத்தாயி விரதத்தில் இருந்தார். வகுப்பில் அந்த ஒரு மாதமாக முகர்வதோடு நிறுத்திக்கொண்டு, ருசி பார்க்கும்போது கிளாஸை நகர்த்தி வைத்துவிடுவார். பாடம் என்றால் சரி, விட்டுப் பிடிக்கலாம். பரீட்சையில் வாயில் வைத்துத்தானே ஆக வேண்டும்? புளிப்பு எவ்வளவு, துவர்ப்பு எவ்வளவு என்று எழுதினால்தானே மார்க்கு?

மூக்கு வந்ததற்காகத்தான் விரதம். அந்த மூக்கை வைத்துப் பிழைக்கத்தான் பரீட்சை. ஒன்றை விட்டால் முருகன் முகத்தில் எப்படி விழிப்பது? இன்னொன்றை விட்டால் பூன் லே. முத்தாயிக்கு இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. துப்பிவிடப் போகிறோமே, தப்பில்லை என்றார் சின்னராசு. அது வாய்க்குச் சமாதானம், மனசுக்கு இல்லை என்று அவரே கொஞ்ச நேரம் கழித்து ஒத்துக்கொண்டார். கடைசியில் முத்தாயி பஃபலோ சாலைக்குப் போய் நின்றார்.

தாவூது பாய் கேட்டுவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டார். "ஏம்மா, வைனுக்கு வழி கேக்க உனக்கு நான்தான் கெடைச்சேனா?"

"விரதம் இருக்கிறவங்களுக்குத்தானே பாய் தெரியும். உங்க வீட்டு நோன்பா இருந்தா என்ன செய்வீங்க?"

பாய் தலையிலிருந்து கையை எடுத்தார். "நோன்பு மாசம் முழுக்க இந்த மசாலாவுக்கு நடுவுலதான் நிக்கிறேன். பட்டை, ஏலக்காய், எல்லாம் மூக்குல ஏறத்தான் செய்யுது. மூக்கைப் பொத்திக்கிட்டு கடை நடத்த முடியுமா? வாசம் வரும், போகும். நாக்கு மட்டும் என் பொறுப்புன்னு நெனைச்சுக்குவேன். இது என் கணக்கு. உங்க சாமிக்கிட்ட நீயே கேட்டுக்க."

முத்தாயிக்கு அது போதுமாக இருந்தது. மறுநாள் காலையில் காத்தோங் போனதும், கடைக்குப் போகிற வழியில் சிலோன் ரோட்டுப் பிள்ளையாரிடம் தகவல் சொல்லிவிட்டு, தம்பியிடம் சொல்லிவிடும்படி கேட்டுக்கொண்டார்.

பரீட்சை அன்று ஒவ்வொருவர் முன்னாலும் ஐந்து கிளாஸ். தாளில் மூன்று கட்டங்கள்: நிறம், வாசனை, ருசி. முத்தாயி நிறத்தை எழுதினார். வாசனையைக் கட்டம் நிரம்பி, ஓரத்தில் ஏறி, தாளின் பின்பக்கம் வரை எழுதினார். ருசி என்ற கட்டத்தில் ஐந்து இடத்திலும் ஒரே வரி: 'விரதம். தைப்பூசத்துக்கு அப்புறம் முடியும். மன்னிக்கவும்.' மற்றவர்கள் உறிஞ்சி, சுழற்றித் துப்பிக்கொண்டிருந்தார்கள். முதல் நான்கு கிளாஸில் ஒன்றும் தொந்தரவில்லை.

ஐந்தாவது சிவப்பு. கிளாஸை எடுத்து மூக்கருகே கொண்டுபோன முத்தாயியின் கை அந்தரத்தில் நின்றது. மறுபடி முகர்ந்தார். பழ வாசனைக்கு அடியில், ரொம்ப அடியில், மெல்லியதாக ஒன்று இருந்தது. பூன் லே. டிசம்பர். ஒழுகின கூரை. கண்ணில் பொலபொலவென்று தண்ணீர் வந்தது. பக்கத்து நாற்காலிக்காரர் டிஷ்யூவை நீட்டினார். பரீட்சை பயம் என்று நினைத்திருப்பார் பாவம்.

நேரம் முடிந்ததும் எலைன் எழுந்து நின்று கேட்டார்: "ஐந்தாவது வைனை வாடிக்கையாளருக்கு விற்பீர்களா? விற்பவர்கள் கை தூக்குங்கள்." எட்டுக் கைகள் உயர்ந்தன. 'மண் வாசனை', 'காளான் வாசனை', 'பழைய நல்ல வைன்' என்றெல்லாம் அழகாக எழுதியிருந்தார்கள். முத்தாயியின் கை மேசை மேலேயே இருந்தது. எலைன் அவருடைய தாளை எடுத்து வாசித்தார். 'நனைந்த அட்டைப்பெட்டி. பூசணம். எனக்கு ரொம்பப் பிடித்த வாசனை. ஆனால் விற்கக் கூடாது.'

கார்க்கில் பூசணம் பட்டுக் கெட்டுப்போன போத்தல் அது. குடித்தால் உடம்புக்கு ஒன்றும் செய்யாது. ஆனால் பழமெல்லாம் செத்துப்போய், நனைந்த அட்டை வாசனைதான் மிஞ்சும். பாடத்தில் அதைப் பற்றி ஒரே ஒரு பக்கம் வந்தது. கெட்ட போத்தல் கேட்ட நேரத்தில் கிடைக்காது என்பதால் காட்ட முடியாமல் போயிற்று. இரண்டு நாளுக்கு முன் ஒரு வாடிக்கையாளர் திருப்பிக் கொண்டுவந்த போத்தலைத்தான் எலைன் ஐந்தாவதாக ஊற்றியிருந்தார். பிடித்தது ஒரே ஒரு மூக்கு.

ஆனாலும் மார்க்கு என்று பார்த்தால் ஃபெயில். ருசிக் கட்டம் ஐந்தும் காலி. இயோ தாளைப் புரட்டிப் பார்த்துவிட்டுச் சங்கடமாகத் தலையைச் சொறிந்தார். சட்டம் எல்லோருக்கும் ஒன்றுதானே என்றார். புத்தாண்டு முடிந்ததும் பூன் லேக்கு மாற்றிக்கொள்ளலாம் என்றார். முத்தாயி சரி என்று கிளாஸ்களை எடுத்து அடுக்கத் தொடங்கினார். தெரிந்துதானே செய்தார்!

எதிர்த்துப் பேசியது எலைன். கண்ணாடியைக் கழற்றிக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டு, ரொம்பச் சாதாரணமாகச் சொன்னார்: "இவங்களுக்கு நான் பாதிப் பரீட்சைதான் வச்சிருக்கேன். மீதியை தைப்பூசத்துக்கு அப்புறம் வைப்பேன். பரீட்சை முடியறதுக்கு முந்தி ஃபெயில்னு எப்படிச் சொல்றது, முதலாளி?" இயோ தாளை எலைனிடமே திருப்பிக் கொடுத்தார். சட்டத்தில் அதற்குத் தடை இல்லை.

தைப்பூசத்தன்று பெருமாள் கோயிலிலிருந்து டேங்க் ரோடு முருகன் கோயில் வரை முத்தாயி பால்குடத்தோடு நடந்தார். கற்பூரம், பன்னீர், முன்னால் போன காவடியின் மயிலிறகு, வியர்வை, வெயிலில் காய்ந்த தார்ச்சாலையில் யாரோ ஊற்றிய தண்ணீர், தலைக்கு மேல் குடத்துக்குள் லேசாகச் சூடேறிக்கொண்டிருந்த பால். ஒன்றைக்கூட அவர் விடவில்லை. வேண்டுதல் என்று புதிதாக எதையும் கேட்கவில்லையாம். "கேக்க என்ன இருக்கு? வழி முழுக்க தேங்க்ஸ், தேங்க்ஸ்னு சொல்லிக்கிட்டே போனேன். முருகனுக்கே சலிச்சிருக்கும்."

அதற்கடுத்த வாரம், சீனப் புத்தாண்டுக்கு ஆறு நாள் இருக்க, கடையில் மூச்சு விட நேரமில்லாத ஒரு காலையில், மாடியறையில் எலைன் ஒரே ஒரு நாற்காலியைப் போட்டார். ஒரே ஒரு ஆளுக்காக நான்கு புது போத்தல்களைத் திறந்தார். இதைச் சொல்லும்போது முத்தாயி இன்றும் நாலு விரலை விரித்துக் காட்டுவார். "நாலு போத்தல்லா! எனக்கு மட்டும்! கீழ கூட்டம் கத்துது, மேல அந்தம்மா எனக்கு டைம் பாத்துக்கிட்டு உக்காந்திருக்காங்க." ஐந்தாவது ருசியை எழுதச் சொல்லவில்லை. அதற்குத்தான் மூக்கே முழு மார்க்கு வாங்கிவிட்டதே. முத்தாயி சுழற்றினார், எழுதினார், ஒரு சொட்டு சிந்தாமல் துப்பினார். பாஸ்.

எல்லாம் முடிந்த பிறகு பையிலிருந்து ஒரு டப்பா பஞ்சாமிர்தத்தை எடுத்து நீட்டினார். எலைன் வழக்கப்படி முதலில் முகர்ந்தார். கனிந்த வாழைப்பழம், நெய், ஏலக்காய், பேரீச்சை, கொஞ்சம் கற்பூரம் என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே வந்தார். ஒரு ஸ்பூன் வாயில் போட்டுக் கண்ணை மூடினார். அதைத் துப்பவில்லை.

இப்போது முத்தாயி கடையின் நடுவில் நிற்கிறார். வருகிறவர்களிடம் அவர் கேட்கும் முதல் கேள்வி எந்த நாடு, எந்த வருஷம் என்பதெல்லாம் இல்லை, "இன்னிக்கு வீட்ல என்ன சமையல்?" என்பதுதான். ஒரு நாள் சென்னையிலிருந்து வந்து நான்கு மாதமே ஆன அர்ஜுன் என்ற பொறியாளர், மேலதிகாரி வீட்டு விருந்துக்கு ஏதாவது வாங்கப் போய், அலமாரிகளைப் பார்த்துவிட்டு வாசலோடு திரும்பப் பார்த்தார். "தம்பி, உள்ள வாங்க. யாரும் பொறக்கும்போதே தெரிஞ்சுக்கிட்டு வர்றதில்ல" என்று தமிழில் குரல் கொடுத்தார் முத்தாயி. விருந்தில் மீன் தலைக் கறி என்று தெரிந்ததும், "அப்போ லேசா இனிப்பு இருக்கிற ரீஸ்லிங் எடுத்துக்கங்க. காரத்தை அது பாத்துக்கும்" என்று எடுத்துக் கொடுத்தார். மறுவாரம் அர்ஜுன் ஒரு பாக்கெட் முறுக்கோடு வந்து நன்றி சொன்னார்.

போன ஆயுத பூஜைக்கு முத்தாயி அரை மணி முன்னதாகவே கடையைத் திறக்க வைத்தார். கற்பூரத்தை வெளியே அஞ்சடி நடைபாதையிலேயே கொளுத்திக் காட்டினார். உள்ளே வெறும் குங்குமம்; சந்தனம் வைத்தால் அன்று முழுக்க எல்லா வைனிலும் சந்தனம்தான் வரும், மல்லிகைக் கதை மறக்குமா? கார்க் திருகிகளுக்குப் பொட்டு வைத்தார். கிளாஸ் அடுக்கும் தட்டுக்கு, துப்பும் ஜாடிக்கு, குளிர்பெட்டிக்கு, லேபிள் மிஷினுக்கு. இயோ தன் கார்ச் சாவியைத் தானே கொண்டுவந்து நீட்டினார். எலைன் கழுத்துக் கண்ணாடியைக் கழற்றிக் கொடுத்தார். எல்லாம் முடிந்தும் விரல் நுனியில் கொஞ்சம் குங்குமம் மிச்சமிருந்தது. முத்தாயி சுற்றுமுற்றும் பார்த்தார். பிறகு குளிர்பெட்டியின் கண்ணாடிக் கதவில் முகம் பார்த்து, தன் மூக்கின் நுனியில் அதை வட்டமாக வைத்து, ஓரடி பின்னால் தள்ளி நின்று, கைகூப்பிக் கும்பிட்டார்.